ஏழாவது கயிற்றின் முடிச்சுகள்

எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேலை நிலவரக் கூட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் தங்கள் பங்கு எந்த அளவில் இருக்கிறது என்று சொல்லச் சொல்ல, திரையில் அதற்கொரு நிறம் ஏறும். சரியாக நடந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. திரை முழுக்கப் பச்சையாக இருந்தால் மற்ற மேனேஜர்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். நான் அந்தப் பச்சையை நம்ப மாட்டேன்.

என் விசிட்டிங் கார்டில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்று போட்டிருக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்து, படிப்படியாக இந்த நாற்காலிக்கு ஏறினேன். பத்துப் பேரை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று ஒரு நட்சத்திர ஓட்டலில் மூன்று நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்டது ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில், ஆறாம் வகுப்பு படிக்கும்போது. அதற்கு நான் கொடுக்க வேண்டிய விலையை வேறொருத்தி கட்டினாள்.

அப்பா அப்போது ஆரணி முதலாளி ஒருவரிடமிருந்து பட்டு நூலும் ஜரிகையும் வாங்கிவந்து எங்கள் தெருத் தறிகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவராக இருந்தார். அதற்கு முன்பு அவரும் தறியில் உட்கார்ந்தவர்தான். முதலாளி நம்பிக்கை வைத்து மேலே ஏற்றியிருந்தார். புதிதாக மேலே ஏறியவர்களுக்கு வரும் படபடப்பு அப்பாவுக்கும் இருந்தது. அதை அவர் கோபமாக மாற்றிக்கொண்டார்.

ஆவணி மாதம் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்றுக்கு ஏழு சேலை கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏழு பேரும் முகூர்த்தத்தில் ஒரே அரக்கு நிறத்தில் நிற்க வேண்டுமாம். நிறம் ஒரு சொட்டுகூட மாறக் கூடாது என்பதால் ஏழுக்கும் வேண்டிய நூலை ஒரே அண்டாவில் சாயம் தோய்த்தார்கள். வழக்கமாகத் தறியில் நீளவாக்கில் பூட்டும் ஒரு பாவு நூலில் மூன்று சேலை நெய்வார்கள். அவசரம் என்பதால் அப்பா ஏழு தறிக்கும் ஒவ்வொரு சேலைக்கான பாவைப் பிரித்துக் கொடுத்தார். சேலைக்குப் பன்னிரண்டு முழம், நாளுக்கு ஒரு முழம், நடுவில் அமாவாசைக்குத் தறி நிறுத்தம், ஆக பதின்மூன்று நாள். பதினான்காம் நாள் காலையில் ஏழு சேலையும் முதலாளி வீட்டில் இருக்க வேண்டும். தவறினால் அப்பாவின் பொறுப்பு போய்விடும் என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுத்ததை நானே கேட்டேன்.

நெய்த துணி நெய்பவர் மடிக்கு முன்னால் இருக்கும் மரத்தில் சுருண்டுகொண்டே போகும். எத்தனை முழம் ஆகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது, கேட்டால்தான் தெரியும். பகலெல்லாம் ஆரணிக்கும் ஊருக்கும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்க நேரமில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். வீட்டுச் சுவரில் ஏழு ஆணி அடித்து ஏழு சணல் கயிறு தொங்கவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஏழு வீட்டுக்கும் போய்க் கேட்டுவந்து, ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட வேண்டும். சாயங்காலம் வந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கயிறுகளைத் தடவிப் பார்ப்பார். இன்றைக்கு லட்சக்கணக்கில் கொடுத்து மென்பொருள் வாங்கி நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்கள் எல்லாம் எனக்குப் பதில் சொல்கிறார்களே!

இரண்டாம் நாள் மூன்றாவது தறிக்காரர், பாவில் இழை அறுந்து அறுந்து பேஜார் பண்ணுகிறது, அரை முழம்தான் ஆச்சு என்றார். நானும் முடிச்சுப் போடாமல் அப்படியே சொன்னேன். அப்பா நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போய், தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினார்.

"இன்னாய்யா தறி ஓட்டுற? உன்ன நம்பி வேல குட்த்தேன் பாரு, என்ன சொல்லணும்! முடியலன்னா பாவ அறுத்துக் குட்த்துடு, வேற ஆளப் பாத்துக்கிறேன்!"

அந்த மனிதர் அப்பாவைவிட மூத்தவர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் பெண் என் வகுப்பில் படித்தாள், மறுநாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஒரு தறிகூடப் பின்தங்கவில்லை. போய்க் கேட்டால் எல்லோரும் ஒரு முழம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லிவிட்டு இருட்டில் விளக்கு வைத்து நெய்து சரிக்கட்டினார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கயிறுகள் சமமாக வளர்ந்தன. அப்பாவும் தான் போட்ட சத்தத்தால்தான் வேலை நடக்கிறது என்று நம்பினார்.

ஏழாவது தறி சித்தியுடையது. அம்மாவின் தங்கை, அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள். தெருக்கோடியில் சித்தப்பாவும் அவளுமாக நெய்தார்கள். சேலையின் கரையைக் கோத்து நெய்ய ஒரு பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து குறுக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். சித்தி நெய்வாள், சித்தப்பா தள்ளுவார். ஐந்தாம் நாள் சித்தப்பா மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். நான் போனபோது சித்தி ஒரு முறை நாடா ஓட்டிவிட்டு, எழுந்து மறுபக்கம் போய்த் தள்ளிவிட்டு, திரும்பிவந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அர மொழம்தான் கண்ணு ஆச்சு. ஒண்டியா முடியல. மாமாகிட்ட சொல்லு, யாராச்சும் ஒரு ஆளு அனுப்பச் சொல்லு."

சொல்லியிருக்கலாம். ஒரே வரி. இரண்டாவது தறிக்காரரின் மகன் வேலையில்லாமல் சும்மாதான் சுற்றிக்கொண்டிருந்தான், ஒரு கை கொடுத்திருப்பான். ஆனால் வீட்டுக்கு நடந்த அந்த நூறடியில் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சித்தி வீட்டு வாசலில் அப்பா நின்று கத்துவதும் சித்தி தலையைக் குனிந்துகொள்வதும்தான். எனக்கு சித்தி என்றால் உயிர். ஏழாவது கயிற்றில் ஒரு முழு முடிச்சுப் போட்டேன்.

நாளைக்கு சித்தி சேர்த்து நெய்துவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாளும் அரை முழம். அதற்கடுத்த நாளும் அரை. ஒரு பொய் முடிச்சுப் போட்ட பிறகு அடுத்த நாள் உண்மையைச் சொன்னால் இரண்டு நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் தினமும் போட்டேன். சித்தியும் தினமும் கேட்டாள்.

"மாமாகிட்ட சொன்னியா கண்ணு? இன்னா சொன்னாரு?"

"பரவால்லன்னு சொல்லிட்டாரு சித்தி."

சித்தியின் கண் கலங்கிவிட்டது. கஞ்சி கொண்டுபோன அம்மாவிடம், "மாமாக்கு எவ்ளோ பெரிய மனசுக்கா" என்றாள். அம்மா அது கஞ்சி கொடுத்தனுப்பியதைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள். இந்தப் பக்கம் அப்பா ஏழாவது கயிற்றைப் பிடித்துப் பார்த்துப் பூரித்துப்போனார். புருஷன் படுக்கையில் கிடக்கும்போதுகூட ஒரு முடிச்சு குறையவில்லை, பொம்பளை என்றால் இவள் பொம்பளை என்று மற்ற தறிக்காரர்களிடம் சொல்லிக் குத்திக்காட்டினார். இரண்டு பக்கமும் சந்தோஷம். நடுவில் நான் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தேன்.

பதினான்காம் நாள் விடிந்ததும் அப்பா தறிகளிலிருந்து சேலைகளை அறுத்தெடுக்கப் போனார். என்னையும் கூடவே அழைத்துப் போனார், கயிறு போட்டவள் என்ற பெருமையோடு. ஆறு சேலை கைக்கு வந்தது. ஏழாவது வீட்டில் சித்தி தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே இருந்தாள். அப்பா மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாம்மா இது? எட்டு மொழம்தான் கீது! கயித்துல பன்னெண்டு முடிச்சி கீதே!"

"நாந்தான் தெனமும் பாப்பாகிட்ட சொல்லி அனுப்பிகினு இருந்தேனே மாமா" என்று சித்தி எழுந்து நின்றாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"சித்தி ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன்.

சித்தி என்னைப் பார்த்தாள். வெகுநேரம் இல்லை, மூச்சு விடும் நேரம்தான். பிறகு அப்பாவிடம், "ஆமா மாமா. உடம்பு சரியில்லாத ஆளப் பாத்துகினு இருந்ததுல சொல்ல மறந்துட்டேன். எம்மேலதான் தப்பு" என்றாள்.

அப்பா கத்தினார். நான் பயந்தபடியே தெரு கூடியது, நான் பயந்தபடியே சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே பாயில் கிடந்த சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவரப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துவிட்டார். முடியாத சேலையை அப்பா பாவோடு அறுத்து எடுத்துக்கொண்டார்.

ஏழு கேட்ட இடத்துக்கு ஆறு போனது. வேண்டாம் என்று திரும்பி வந்தது. முதலாளி சத்தம் போடவில்லை, அடுத்த வாரத்திலிருந்து வேறொருவர் மூலம் நூல் அனுப்பினார். அப்பா மறுபடி தறியில் உட்கார்ந்தார். சித்திக்கு அந்தத் தெருவில் யாரும் பாவு கொடுக்கவில்லை. சித்தப்பா எழுந்து நடமாடத் தொடங்கியதும் சேத்துப்பட்டுப் பக்கம் ஏதோ அரிசி மில் வேலைக்கு என்று இரண்டு பேரும் போய்விட்டார்கள். அம்மா வெகுநாள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் போன பிறகு, சித்திக்கு நிஜமாகவே மறதி அதிகம் என்று நான் நம்பத் தொடங்கினேன். பிள்ளைகளுக்கு அந்த வசதி உண்டு.

இன்று என் குழுவில் யார் கெட்ட செய்தி கொண்டுவந்தாலும் முதலில் நன்றி சொல்கிறேன். நிலவரம் கேட்க யாரையும் அனுப்புவதில்லை, நானே எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். நல்ல மேனேஜர் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு சித்தியின் அந்தப் பார்வைதான் ஞாபகத்துக்கு வருகிறது. என் கல்யாணத்துக்கு வந்தாள். கன்னத்தைத் தொட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனாள்.

ஒன்றை மட்டும் எவ்வளவு காலம் கழித்துப் புரிந்துகொண்டேன்! சேலை அறுத்த அன்று பொழுது சாயும் நேரம், அப்பா சுவரிலிருந்த ஏழு கயிற்றையும் கழற்றினார். ஏழாவதைக் கையில் வைத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர், படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"பாப்பா... என்கிட்ட வந்து சொல்றதுக்கு உனக்கு பயமா இருந்துச்சா?"

"இல்லப்பா" என்றேன்.

அப்பா தெருக்கோடியில் சித்தி வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். அவர் எங்கே கிளம்பினார் என்று நான் அப்போது கேட்கவில்லை. அடி விழவில்லையே என்ற சந்தோஷத்தில் விளையாடப் போய்விட்டேன்.