முதல் குழியில் பச்சை வெளிச்சம்

எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி என்று வீட்டில் சொல்வார்கள். பாலைக் காய்ச்சும் முன் முகர்ந்து பார்ப்பேன், பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தி.நகரில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மட்டும் இந்தக் குணத்துக்கு நல்ல பெயர். "மேடம் பார்த்துட்டாங்கன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்து போடுவேன்" என்பார் எங்கள் டாக்டர். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மரபணுச் சோதனை செய்யும் இயந்திரம் என் பொறுப்பு. மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளி நிறத் தட்டு, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ரத்தத்திலிருந்து பிரித்த மரபணுவைச் சாயம் கலந்த மருந்தோடு பிளாஸ்டிக் குழாயில் விட்டு, அந்தக் குழியில் வைக்க வேண்டும். இயந்திரம் அதைச் சூடாக்கும், ஆற வைக்கும், மறுபடி சூடாக்கும்; சுற்றுக்குச் சுற்று மரபணு பெருகும், அதன் ஒளியும் கூடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒளியைப் பாய்ச்சி, எந்தக் குழாய் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளந்து திரையில் கோடாக வரையும். நல்ல மரபணு இருந்தால் ஆரஞ்சு, கோளாறான மரபணு இருந்தால் பச்சை. இரண்டும் ஒளிர்ந்தால் அந்த ஆள் கேரியர். அவருக்கு நோய் இருக்காது, ஆனால் பிள்ளைக்குக் கொடுக்க முடியும்.

போன வருடம் ஆடி மாதத்தில் எனக்கு உதவியாக ஒரு டெக்னீஷியன் சேர்ந்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் புது டெக்னீஷியனின் பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். காலையில் உள்ளே நுழையும்போதே "இன்னா மேடம், டிபன் ஆச்சா" என்பார். கையுறை மாட்டிக்கொண்டே வாய்க்குள் ஏதாவது பாடுவார். இப்படிப்பட்டவர் மைக்ரோ லிட்டர் கணக்கில் எதையும் ஒழுங்காக அளப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆயுத பூஜை வந்தது. இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது வருடா வருடம் என் வேலை, அதையும் நான் யாரிடமும் விடுவதில்லை. நான்கு நாள் விடுமுறை முடிந்து வந்ததும் முதல் வேலையாக மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த ஒரு தம்பதியின் ரத்தத்தை எடுத்துக்கொண்டோம். மனைவி மூன்று மாதக் கர்ப்பிணி. அவர் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர் என்று ஏற்கெனவே தெரியும். கணவரும் கேரியராக இருந்துவிட்டால், மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தை பிறக்கக்கூடும். வயிற்றில் ஊசி போட்டுக் குழந்தையைச் சோதிக்க வேண்டிவரும்.

குழாய்களை நிரப்பியவர் டெக்னீஷியன். கணவருடைய குழாயை எங்கள் வழக்கப்படி மூலையில் இருக்கும் முதல் குழியில் வைத்தார், மனைவியுடையதை அடுத்ததில், வெறும் தண்ணீர் விட்ட குழாயைக் கடைசியில். இரண்டு மணி நேரம் கழித்துத் திரையில் கணவருக்கும் கேரியர் என்று வந்தது.

எனக்கு உடனே உறுத்தியது. கேரியருக்குச் சிவப்பணுக்கள் அளவில் சிறியவையாக இருக்கும். இந்த மனிதரின் ரத்த அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர்க் குழாயிலும் எந்த ஒளியும் இல்லை, அதனால் மருந்து கெட்டுப்போகவில்லை. அப்படியானால் தப்பு கையில். மனைவியின் துளி கணவரின் குழாயில் கலந்திருக்கிறது.

"டிப் மாத்தினீங்களா?" என்று கேட்டேன். டிப் என்பது துளியை உறிஞ்சி விடும் பிளாஸ்டிக் முனை, ஒவ்வொரு குழாய்க்கும் புதிதாக மாட்ட வேண்டும்.

"மாத்தித்தான் போட்டேன் மேடம்" என்றார். பிறகு திரையைக் காட்டினார். "இத்த கொஞ்சம் பாருங்க. பச்சை, முதல் சுத்துலயே ஒசரத்துல கீது. நிஜமா இருந்தா கீழ கெடந்து அப்புறம்தானே ஏறணும்?"

திரையில் இருந்த அந்தக் கோட்டை நான் பார்க்கவில்லை. பேச்சை மாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் டீ குடிக்கப் போனதும் குப்பை டப்பாவைத் திறந்து, போட்டிருந்த டிப்களை எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. கணக்குக்காக ஒன்றைச் சும்மா கழற்றிப் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் நானே குழாய்களை நிரப்பினேன். அவர் பிரித்து வைத்திருந்த அதே மரபணு, அதே வரிசை, முதல் குழியில் கணவர். மறுபடி கேரியர். என் கையில் தப்பு இருக்க வழியில்லை. ஆகவே அதற்கும் முன்னால், மரபணுவைப் பிரிக்கும்போதே ரத்தத்தை மாற்றிக் கலந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். வெளியே அந்தக் கணவர் மனைவியின் பையை மடியில் வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்.

"புதுசா ரத்தம் எடுத்து நீங்களே செஞ்சுடுங்க" என்றார் டாக்டர். "அந்த டெக்னீஷியன் வெள்ளிக்கிழமையோட வேண்டாம். இந்த வேலையில இப்படி இருந்தா ஆபத்து."

எனக்குத் திருப்தியாக இருந்தது. அன்று சாயங்காலம் மயிலாப்பூரில் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். "நீ யாரைத்தான் நம்பியிருக்கே?" என்றார். "நான் ஆத்துல இருக்கச்சே ஃபோன் பண்ணி, ஆத்துலதான் இருக்கேளான்னு கேக்கறவ." எனக்குக் கோபம் வந்தது, சாப்பிடாமல் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை புதிய ரத்தத்தோடு உட்கார்ந்தபோது டெக்னீஷியன் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஒரே ஒரு வாட்டி, குழாயே வெக்காம ஓட்டிப் பாக்கலாமா மேடம்?"

எதையோ மறைக்கப் பார்க்கிறார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆனால் காலியான தட்டில் மறைக்க என்ன இருக்கிறது? சரி என்றேன். அவர் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றேன். அவர் மூடியைச் சாத்தினார், பொத்தானை நானே அழுத்தினேன்.

திரையில் மற்ற எல்லாக் குழியும் இருட்டாக இருந்தது. மூலையில் இருந்த முதல் குழி மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. உள்ளே ரத்தமும் இல்லை, மரபணுவும் இல்லை, குழாயே இல்லை.

அவர் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து அந்தக் குழிக்குள் விட்டுத் திருகினார். வெளியே எடுத்தபோது நுனி மஞ்சளாக இருந்தது.

"மஞ்சத்தூள் மாதிரி கீதே" என்றார்.

அந்தக் குச்சியை வாங்கிப் பார்த்தேன். ஆயுத பூஜையன்று சந்தனப் பொடி போதவில்லை, வீட்டிலிருந்து கொண்டுபோன மஞ்சள்தூளை அதில் குழைத்தேன். எல்லா இயந்திரத்துக்கும் வெளியே பொட்டு வைத்தேன். இதற்கு மட்டும், உழைப்பது உள்ளே இருப்பதுதானே என்று மூடியைத் திறந்து, தட்டின் மூலையில் கடுகளவு ஒரு பொட்டு வைத்தேன். விடுமுறை முடிந்து வந்து வெளிப்பொட்டுகளைத் துடைத்தவள் உள்ளே வைத்ததை மறந்துவிட்டேன். மூடியின் சூட்டில் அது உதிர்ந்து குழிக்குள் இறங்கியிருக்கிறது. இயந்திரம் பாய்ச்சும் நீல வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிரும் என்று நான் கல்லூரியில் படித்திருக்கிறேன்.

குழியைச் சுத்தம் செய்து, காலியாக ஒரு முறை ஓட்டி, பிறகு புதிய ரத்தத்தைச் சோதித்தோம். கணவருக்கு ஆரஞ்சு மட்டும்தான். அவர் கேரியர் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஊசி தேவையில்லை.

இருவரும் டாக்டர் அறைக்குப் போனோம். இயந்திரத்தில் அழுக்கு இருந்தது என்று மட்டும் சொன்னால் போதும் என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் மற்ற நாட்களில் இயந்திரம் துடைக்கும் அட்டவணையில் இருப்பது டெக்னீஷியன் பெயர், பழி அவர் மேல்தான் விழும். வெட்கத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் சிரித்தார். "உள்ளேயுமா வெச்சீங்க? பக்தி முத்திப்போச்சு மேடம்" என்று சொல்லிக்கொண்டே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். டெக்னீஷியனுக்கு வேலை நிரந்தரம் என்றும் சொன்னார். தப்பு அவருடையது என்று நினைத்தபோது வேலையை விட்டு அனுப்பச் சொன்ன அதே வாய், என்னுடையது என்றதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஊட்ல அன்னிக்கே சொல்ட்டேன் மேடம், வேலை போய்டும்னு" என்றார்.

டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன்.

"இல்ல. டீக்குப் போனவன் பர்ஸை மறந்துட்டு திரும்பி வந்தேன். நீங்க குப்பையில டிப்பு எண்ணிக்கினு இருந்தீங்க."