பெரியப்பா வீட்டுக் கக்கூஸில் நான் நிறுத்திய ஒழுக்கு

கோவில்பத்தில் மாடி வீடு கட்டியவன் நான். பைப் சாமான் கடை வைத்தவன் நான். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவனுக்குக் கடையா என்று சிரித்தவர்களெல்லாம் இன்று என் கடையில் வந்து நின்று குழாய் கேட்கிறார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிற என் சொந்தக்காரர்கள், எல்லாவற்றுக்கும் முந்திய ஒரு வேலையை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கி வேறொருவருக்குக் கொடுக்கிறார்கள். 

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய பெரியப்பா, சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும் கக்கூஸ் தொட்டி ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். நம்மூர்க் குழாயின் திருகு "மரை" அதற்குச் சேரவில்லை. முறுக்கினால் உட்காரும், உட்கார்ந்த இடத்திலேயே ஒழுகும். "பிரான்ஸ் சாமான் ஒழுகாதுடா, உங்க ஊருக் குழாய்தான் கழிசடை" என்று அவர் கத்துவார். சரிசெய்ய வந்த ஆட்களெல்லாம் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் முறுக்கி, இன்னும் கொஞ்சம் ஒழுகவிட்டுப் போனார்கள். மாதா கோவில் திருவிழாவுக்குப் பங்குச் சாமியார் பெரியப்பா வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. "சாமியாரு காலை நனைச்சுக்கிட்டா போவாரு?" என்று பெரியம்மா புலம்பினார்.

பின்கட்டில் குடியிருந்த எங்களுக்கு அந்தக் கக்கூஸைப் பயன்படுத்த அனுமதி இல்லை. ஈரம் துடைக்க மட்டும் சின்னப் பையனான என்னைக் கூப்பிடுவார்கள். துடைக்கத் துடைக்க, தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். வால்வை அடைத்து, முறுக்கியதையெல்லாம் கழற்றி, பழைய சைக்கிள் ட்யூபில் வளையம் வெட்டி உள்ளே வைத்து, சணலைப் பெயிண்டில் தோய்த்து மரையில் சுற்றி, கையாலேயே மெதுவாக ஏற்றினேன். ஒரு சொட்டு இல்லை.

பெரியப்பா விரலால் தடவிப் பார்த்தார். "பாத்தியா, நான் சொல்லல? பிரான்ஸ் சாமான்!" சாமியாரிடமோ, தன் மகன் ரொபேர் சரிசெய்ததாகச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். "பெரியவங்க பேசுறப்ப என்னடா?" என்று அப்பா என் காதைத் திருகினார். அன்று சாயங்காலமும் நான் வாய்க்கால் பக்கம்தான் ஒதுங்கினேன்.

போன மாதம் அந்த வீட்டை இடித்தார்கள். அதற்கு முன் சொந்தமெல்லாம் கூடிச் சாப்பிட்டபோது, "அப்பவே நான் பிளம்பருடா" என்று ரொபேர் அண்ணன் அளக்க, என் பேரப்பிள்ளைகளே கைதட்டினார்கள். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மனுஷன்! தொட்டியும் நொறுங்கி மண்ணோடு போயிற்று. பெரியப்பா இல்லை, அப்பா இல்லை, சாட்சி என்று எனக்கு எவரும் இல்லை.

ரொபேர் அண்ணே, வருகிற ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோவில் வாசலில் நிற்பார்கள். என் பேரப்பிள்ளைகளும் நிற்பார்கள். அந்த ஒழுக்கை நிறுத்தியவன் நான்தான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.