உட்காரக் கூடாத சட்டை

முத்தையாபுரம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, பால்துரை அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் ஒரு தேய்ப்பு வண்டி நிற்கிறது. அது சுடலைச்செல்வியின் வண்டி. எதிரே வருகிறவரின் முகத்தை அவள் இரண்டாவதாகத்தான் பார்ப்பாள். முதலில் காலர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "கையில மடிப்பு ரெண்டா விழுந்திருக்கு" என்பாள். திருப்பூரில் ஆறு வருடம் ஏற்றுமதிச் சட்டைகளைத் தேய்த்த கண் சும்மா இருக்குமா?

இடம் தந்த அண்ணாச்சி ஒரு மாதம் கெடு வைத்திருந்தார். "பாப்போம் தாயி. ஆளு வரலைன்னா அங்கன இளநி போட்டுக்கிடுதேன்." இந்த இடம் போனால் மறுபடி ஏதாவது கம்பெனியில் மணி அடித்தால் உள்ளே போய், மணி அடித்தால் வெளியே வரும் பிழைப்புதான். அதை நினைத்தாலே செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் பத்து நாளும் ஈ ஓட்டினாள். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாள். வாங்கியவர்கள் அதில் வடை எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தாள். இதயம் முப்பத்தாறு வந்தது, சட்டை ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் அவள் கண் வீட்டுக்காரன் மாரிராஜ் மேல் விழுந்தது.

மாரிராஜுக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிற வேலை. ஏழரை பஸ்ஸில் அவனோடு பதினைந்து பேர் போவார்கள். இதைவிட நல்ல விளம்பரப் பலகை எங்கே கிடைக்கும்? அன்றிலிருந்து அவன் சட்டை தகடு மாதிரி விறைத்து நின்றது. ஒரே நிபந்தனை, பஸ்ஸில் உட்காரக் கூடாது.

"ஏளா, சீட்டு சும்மா கெடக்கு, நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். கேக்குதவங்கிட்ட என்னன்னு சொல்ல?"

"செல்வி தேச்சதுன்னு சொல்லுங்க."

சொன்னான். சொன்னதுதான் வினை. ஒருவரும் வண்டியைத் தேடி வரவில்லை. பெண்டாட்டி தேய்த்துத் தருகிறாள் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் பெண்டாட்டியிடம் சட்டையை நீட்டினார்கள். தனக்கும் இரண்டு கை இருக்கிறது என்பது ஒருத்தனுக்கும் ஞாபகம் வரவில்லை.

கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் அடுத்த தெரு கிருபாபாய் வந்தாள். கையில் கசங்கிய நீலச் சட்டை, பின்னால் நாலைந்து பெண்கள். அண்ணாச்சி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். இளநீர்க் குலை வந்து இறங்கியாயிற்று என்றே செல்வி முடிவு கட்டினாள்.

"ஏளா செல்வி, நல்லா இருந்த வீட்டுல ஏன் கொள்ளி வைக்க? எங்க வீட்டு ஆளு பதினெட்டு வருசமா சுருட்டின சட்டையோட போய் வந்தாரு, ஒரு வார்த்தை கேட்டதில்ல. நேத்து, மாரிராஜுக்கு நிக்க மாதிரி காலர் நிக்கலைன்னு சாப்பிடாமப் போயிட்டாரு. இந்த உப்புக் காத்துல எங்கிட்டு நிக்கும்?"

செல்வியின் கை தானாகப் போய் அந்தச் சட்டையை வாங்கித் தண்ணீர் தெளித்தது. காலர், தோள், கை, முதுகு. சிரட்டைக் கரி போட்ட தேய்ப்புப் பெட்டி நகர நகர கிருபாபாயின் சத்தம் இறங்கியது. பெட்டியின் மூக்கு பொத்தான்களைச் சுற்றி வந்தபோது அவள் திட்டுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் தேப்பியா?"

"ராத்திரி குடுத்தா காலையில தந்துருவேன்க்கா."

"அப்ப இனி அந்த ஆளையே இங்கன அனுப்புதேன். நீயாச்சு, அவராச்சு."

பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அன்று சாயங்காலமே ஆண்கள் ஆளுக்கொரு கட்டைப்பையோடு வந்து நின்றார்கள். கெடு முடிந்த அன்று, எந்நேரமும் பனியனோடு இருக்கும் அண்ணாச்சி இரண்டு சட்டைகளைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். இளநீர்ப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, மாரிராஜ் குளித்துவிட்டு வந்து சட்டைக்குக் கை நீட்டினான். செல்வி கொடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னைக்கு இப்படியே போங்க. தலைக்கு மேல வேலை கெடக்கு."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஏழரை பஸ் வந்து நின்றது. செல்வி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தாள். ஜன்னல் வழியே தெரிந்ததெல்லாம் அவள் தேய்த்த காலர்கள். சீட்டு காலியாகக் கிடக்க, பன்னிரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கிவிட்டது. மாரிராஜ் மட்டும் கசங்கிய சட்டையோடு ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.