பிற்பகலில் பாடிய பூபாளம்

என் மகளுக்கு மூன்று வயது நிரம்புவதற்குள் ஒரு ராகம் தெரிந்துவிட்டது. பெயர் தெரியாது; "தூங்கற பாட்டு" என்பாள். அது நீலாம்பரி. நான் பாடத் தொடங்கியதும் உள்ளங்கையால் என் முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டே வருவாள். தட்டு தளரும், நிற்கும். தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

கல்கத்தாவுக்குக் குடித்தனம் வந்தபோது தம்பூராவைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். என் கணவருக்குச் சர்க்கார் கணக்காபீஸில் உத்தியோகம். பவானிபூரில் ஒரு சந்தில் இரண்டு அறை. சுருதி இல்லாமல் வாயைத் திறக்கக்கூடாது என்று என்னைப் பழக்கியிருந்தார்கள். ஆதார ஸ்வரமான ஸ எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் மற்ற ஸ்வரங்களுக்கு இடம் கிடைக்கும். அது நகர்ந்தால் எல்லாமே நகர்ந்துவிடும். தம்பூரா இல்லாத வீட்டில் எதை ஸ என்று பிடித்துக்கொள்வது? எதிர்வீட்டு மாடியில் ஒரு வங்காளி அம்மாள் காலையில் ஹார்மோனியம் வாசிப்பார். ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குக் கிண்ணம் நீட்டலாம், சந்து அவ்வளவு குறுகல். அவர் அழுத்தும் ஸவையே என்னுடையதாக வைத்துக்கொண்டு அடுப்படியில் பாடுவேன். நான் அவரை மாஷிமா, அதாவது பெரியம்மா, என்பேன். அவர் என்னை பௌமா என்பார். மருமகள் என்று பொருள்.

"பௌமா, எங்க பக்கத்திலே ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு வேளை உண்டு. நீ தூக்க ராகத்தைக் காலங்காத்தாலே பாடறியே, அடுப்பும் தூங்கிடப் போறது" என்று ஒரு நாள், எனக்குப் புரிய ஆரம்பித்திருந்த வங்காளியில் கேலி செய்தார். சிரித்தேன். பிறகு நாளெல்லாம் அது தப்போ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பார்லிக் கஞ்சியைத் துப்பினாள். பாட்டு மட்டும் வேண்டும் என்றாள். நானும் வேளை பார்க்காமல் பாடினேன். ஒரு நாள் மத்தியானம் டாக்டர் பாபு வந்து பார்த்துவிட்டு, இன்றைக்குள் காய்ச்சல் வியர்த்து இறங்க வேண்டும் என்றார்.

"தூங்கட்டும், தூக்கம் நல்லது. ஆனா அப்பப்போ கூப்பிட்டுப் பாருங்க. பதில் வரலேன்னா உடனே எனக்கு ஆள் அனுப்புங்க."

எத்தனை தரம் கூப்பிடுவது, எவ்வளவு உரக்க என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

நெற்றியில் வைக்க ஐஸ் வாங்கிவரக் கணவர் கிளம்பினார்.

"ஏன்னா, சீக்கிரம் வந்துடுவேளா?"

"டிராம்லே போயிட்டு வந்துடறேன். நீ பயந்துண்டு அவளையும் பயமுறுத்தாதே."

அவர் போனதும் குழந்தை பாட்டுக் கேட்டாள். நீலாம்பரியின் ஸ்வரங்கள் நேராகப் படியேறுவதில்லை. ஒன்றைத் தொட்டு, திரும்பி, தூளி ஆடுகிற மாதிரி அசைந்து அசைந்து போகும். இரண்டு வரி பாடுவதற்குள் தட்டு நின்றுவிட்டது. எப்போதும் அவ்வளவு சீக்கிரம் நிற்காது. கொஞ்ச நேரம் பொறுத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தோளைத் தொட்டு உலுக்கினேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஜன்னலுக்கு ஓடி, "மாஷிமா, குழந்தை எழுந்திருக்க மாட்டேங்கறா!" என்று கத்தினேன். அவர் உடனே வேலைக்காரரை டாக்டரிடம் விரட்டினார். முழங்கால் வலியால் அவரால் மாடிப்படி இறங்க முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு இருக்கா? பாரு!" என்றார்.

"இருக்கு. நான்தான் பாடிப் பாடித் தூங்க வச்சுட்டேனோ?"

"பைத்தியமே! தூங்க வைக்க ஒண்ணு இருந்தா, எழுப்ப ஒண்ணு இல்லையா உங்களுக்கு?"

இருந்தது. பூபாளம். ஐந்தே ஸ்வரங்கள், ஸ ரி க ப த. ஏறும்போதும் அவைதான், இறங்கும்போதும் அவைதான். ஆனால் அது விடியற்காலைக்கு உரியது. அப்போது பிற்பகல், மழை இருட்டு வேறு. அதைச் சொன்னேன். வேளை தவறிப் பாடுவதை அவர் ஒருநாளும் ஒப்பமாட்டார். ஜன்னலை விட்டு நகர்ந்தார். கோபமோ என்று நினைத்தேன். உள்ளேயிருந்து ஹார்மோனியத்தின் ஸ வந்தது. அந்த ஒன்றையே விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதைப் பற்றிக்கொண்டு பாடினேன். சாகித்யம், பாட்டின் வரி, ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வெறும் ஸ்வரங்களை ஏற்றி இறக்கினேன். ரி இடம் தவறி எங்கேயோ போய் விழுந்தது. மறுபடி ஸவுக்கு வந்தேன். குழந்தையின் கை பாயில் லேசாக அசைந்தது. தாளமா, ஜன்னியா? எனக்குத் தெரியவில்லை. நிறுத்தப் பயமாக இருந்தது, பாடவும் பயமாக இருந்தது. நெற்றியைத் தொட்டால் ஈரம். என் கைதான் ஈரமோ என்று புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன். அவள் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, இது வேண்டாம். தூங்கற பாட்டு."

டாக்டர் வந்து நாடி பார்த்தார். "இறங்கிடுத்து. அசதிலே அயர்ந்து தூங்கியிருக்கா, தானாவே முழிச்சிருப்பா. இப்போ நன்னா தூங்க விடுங்க" என்றார். அவர் படியிறங்கும்போது கணவர், கரையாமலிருக்கச் சுற்றிய மரத்தூளும் தண்ணீருமாகப் பாதி கரைந்த ஐஸுடன் ஏறி வந்தார்.

"தூங்கற பாட்டு" என்று குழந்தை மறுபடி கேட்டாள்.

"ஏன்னா, பாடட்டுமா?"

"டாக்டர் தூங்கத்தானே சொல்லியிருக்கார்?"

"தூங்கிட்டு எழுந்திருக்கலேன்னா?"

அவர் கையில் ஒட்டிய மரத்தூளைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

பாடினேன். அவள் என் முழங்காலில் தட்டினாள். தட்டு மெதுவானதும் பாட்டை நிறுத்தி, "கண்ணு, அம்மா பேசறது கேக்கறதா?" என்றேன்.

"நிறுத்தாதே!"

தொடர்ந்தேன். ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, முடிவதற்குள் மறுபடி நிறுத்திக் கேட்டேன். "அம்மா, தப்பாப் பாடறே" என்று அழுதாள். அவள் சொன்னது சரிதான். தாளத்தை நடுவில் முறிப்பதைப் போன்ற பிழை வேறில்லை. கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் பாடினேன்.

தட்டு நின்றது. கூப்பிட வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கூப்பிடவில்லை. மற்றொரு கையின் விரலை அவள் மூக்கருகில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.