வீட்டை ஏன் விற்கிறீர்கள்?

கண்டக்டரம்மா ஓடும் பேருந்தில் இருபத்தாறு வருஷமாக நிற்பவர். நிற்பவர்களை நகர்த்துவதுதான் அவர் தொழில். டிக்கெட் கொடுப்பதெல்லாம் உபரி. அந்தத் தொழில் வீடு விற்கவும் உதவும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. புரோக்கர் அனுப்பி வீடு பார்க்க வருகிறவர்கள் ஐம்பத்து நான்கு படி ஏறி, வாசலில் மூச்சு வாங்கும்போதே அவர் ஆரம்பித்துவிடுவார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. வழியில நிக்காதீங்க."

குளியலறைக் கதவை அவரே திறந்து அவரே மூடுவார். இடுப்பால் ஓர் இடி கொடுத்து, கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விழும் என்பது வந்தவர்களுக்கு எதற்கு? சமையலறைக் குழாயையும் அவரே திருகிக் காட்டுவார். அதை முதலில் இறுக்கி, பிறகு ஒரு நூல் தளர்த்தினால்தான் சொட்டுவது நிற்கும். படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறிய இடத்தை மறைத்து மூன்று காலண்டர்கள் தொங்கின.

"எதுக்குங்க மூணு?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கு டியூட்டி மாறி மாறி வரும்" என்றார் கண்டக்டரம்மா. கேட்டவர் ஒப்புக்கொண்டு நகர்ந்தார்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் நாலு பேர் வந்தார்கள், நாலு பேரும் போனார்கள். முதல் மூன்று பேரை அனுப்பிவைத்த புண்ணியம் அவர் கணவருக்கு. அவருக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் பக்கவிளைவைச் சொல்லாமல் கொடுக்க மாட்டார். வீட்டையும் அப்படித்தான் கொடுக்கப் பார்த்தார்.

"நல்லா காத்து வருங்க. மழை பெஞ்சா அதே ஜன்னல்ல தண்ணியும் வரும். கீழ ஒரு வாளி வெச்சாப் போதும்."

மூன்றாமவர் இறங்கிப் போனதும் கண்டக்டரம்மா சொன்னார்: "இனிமே ஆள் வர்றப்ப நீங்க கடையிலயே இருங்க."

"கேட்டாங்க, சொன்னேன்."

"யாரு கேட்டா?"

"கேக்கலாம்னுதான் இருந்தாங்க."

நாலாமவர் போனதற்கு மட்டும் யார் மேலும் பழி போட முடியவில்லை. எல்லாம் பிடித்திருந்தது அவருக்கு. செருப்பை மாட்டும்போது, "ஆமா, ஏன் விக்கிறீங்க?" என்றார். "மகன்கூடப் போய் இருக்கப் போறோம்" என்றார் கண்டக்டரம்மா. போனவர் போனவர்தான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். வீடு விற்கிறவருக்கு அந்த ஆயிரம் முன்பணத்துக்குத்தான் காணும். தம்பதிக்கு மகனும் இல்லை, மகளும் இல்லை. இருந்தது கணவரின் வலது முட்டி ஒன்றுதான். மாடி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு தெரு தள்ளித் தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸும் போகும், வீடும் போகும். பதினெட்டு நாள் மிச்சம். ஆனால் முட்டியைச் சொன்னால் படியைச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று பயந்து, அந்தப் படியிலேயே ஏறி வந்தவர்களிடம் படியை மறைத்துக்கொண்டிருந்தார் கண்டக்டரம்மா.

ஐந்தாவதாக வந்தவர் ஒரு பல் டாக்டர். பெண், தனியாக வந்திருந்தார். "உள்ள போங்க" என்றால் அந்தம்மா போகவில்லை. நின்ற இடத்தில் நின்று சுவரை விரல் முட்டியால் தட்டினார். மூன்று காலண்டரையும் ஒரே கையால் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"போன மழைக்குத்தாங்க."

"ம்" என்றார் டாக்டர். தினம் இரண்டு வேளை பல் விளக்குவதாகச் சொல்கிறவர்களிடம் சொல்லிப் பழகிய 'ம்' அது. "சரி, ஏன் விக்கிறீங்க?"

"மகன்கிட்டப் போறோம்."

"உங்களுக்குப் பிள்ளைங்க இல்ல, அதனால வீடு அமைதியா இருக்கும்னு புரோக்கர் சொன்னாரே."

கண்டக்டரம்மாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சில்லறை இல்லாமல் போயிற்று. "யோசிச்சுச் சொல்றேன்" என்று டாக்டர் இறங்கினார். யோசித்துச் சொல்கிறவர்கள் யோசிப்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

செருப்புச் சத்தம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றது. கண்டக்டரம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காது கொடுத்தார்.

"வழி விடணுமா? கொஞ்சம் பொறுங்க, எந்திரிக்க நேரமாகும்." கணவரின் குரல். முட்டி வீங்கிவிட்டது என்று கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்து, பாதியில் உட்கார்ந்திருந்தார். "மூணாவது மாடியப் பாக்க வந்தீங்களா? குழாயை இறுக்கிட்டு ஒரு நூல் தளர்த்தணும், சொன்னாளா?"

"சொல்லல."

"பாத்ரூம் கதவுக்கு ஒரு இடி?"

"அதுவும் சொல்லல."

மேலே கண்டக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கு இதை விக்கிறீங்க?"

"பாத்தாலே தெரியலையாம்மா?"

பிறகு செருப்புகள் மேலே ஏறி வந்தன.

"முட்டிதான் காரணம்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் டாக்டர். "குழாயும் சுவரும் ஆள் வெச்சுச் சரிபண்ணிக்கலாம். விக்கிற காரணம் தெரியலன்னாத்தான் பயம். பத்திரத்துல வில்லங்கமோ, பக்கத்து வீட்டோட கேஸோன்னு மனசு அடிச்சுக்கும். எனக்கு முட்டி நல்லாயிருக்கு, நான் ஏறிக்கறேன்."

ஈரச் சுவருக்காகக் கொஞ்சம் விலை குறைத்துப் பேசி முடித்தார்கள்.

பத்திரப் பதிவுக்கு நாள் குறித்த கையோடு, கண்டக்டரம்மா கணவரைக் கூட்டிக்கொண்டு தரைத்தள வீட்டுக்குப் போனார். அதன் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். "இப்படி வாங்க, இதுதான் ஹால், அப்படியே முன்னாடி வாங்க" என்று சுறுசுறுப்பாகக் கூட்டிப்போனார். போன முறை இது மரியாதையாகத் தெரிந்தது. இந்த முறை, அவர் முதுகு பின்னறைக் கதவை விட்டு நகராதது கண்ணில் பட்டது.

கண்டக்டரம்மா நடு ஹாலில் நின்றுவிட்டார். "ஏன் விக்கிறீங்க?"

"மகன்கூடப் போய் இருக்கப் போறோம்."

"எங்களுக்கு மகனே இல்லீங்க. நானும் இதையேதான் சொல்லிட்டிருந்தேன்."

தபால்காரர் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "அந்த மோட்டாரைப் போட்டுத்தான் காட்டுங்களேன். எத்தனை நாளைக்கு முதுகாலயே மறைப்பீங்க?"

பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கட்டடம் முழுவதற்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார். தினம் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் ஓடுமாம். ஓடவிட்டுக் காட்டினார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. இத்தனை வருஷம் கடிதம் கொடுத்து நடந்த மனிதர், இப்போதுதான் கொஞ்சம் தூங்கலாம் என்று பார்த்தால் இது விடவில்லை.

கண்டக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டார். "இன்ஜின் அணைக்காம நிக்கற வண்டியிலதான் இருபத்தாறு வருஷமா மத்தியானம் தூங்கறேன். எனக்கு இது தாலாட்டு. இவருக்குத்தான் எப்படியோ."

"பஞ்சு வெச்சுக்கறேன்" என்றார் கணவர், ஏற ஒரு படியும் இல்லாத அந்த வீட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்தபடி. "ஆனா அதுக்கும் ஒரு பக்கவிளைவு இருக்கு. நீ கூப்பிட்டாக் காதுல விழாது."

"அது பக்கவிளைவு இல்ல. அதுக்குத்தான் வெக்கப்போறீங்க" என்றார் கண்டக்டரம்மா.