பின்னால் பட்டையைப் பிடித்திருந்த கை

ஷா ஆலமிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும் வழியில், வண்டிகள் அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது குணாவின் மகள் கவிதா போனில் கூப்பிட்டாள். "அங்கிள், அப்பா தவறிட்டாரு. காலையில." என் வண்டியோ முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. கியரைப் போட்டேன், எடுத்தேன், கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன். பக்கத்து லோரிக்காரர் "என்ன பாஸ், அவசரமா?" என்றார். ஆமாம் என்றேன். என்ன அவசரம்? போகிறவர் போயாகிவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஏர்கான் கடை வைத்திருந்த குணாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தேநீரைக்கூட நின்றுகொண்டே குடிப்பார். விரல்கள் மேசைமேல் தாளம் போட்டபடியே இருக்கும். இப்பேர்ப்பட்ட ஆள் மீன் பிடிக்கப் போகிறார் என்றால் யார் நம்புவது? நானும் நம்பவில்லை. உடன் போன பிறகுதான் தெரிந்தது, அவர் தேடிப் போனது கிள்ளான் முகத்துவாரத்துக்கு வெளியே சேற்றில் படுத்திருக்கும் பெரிய திருக்கையை. அதற்கேற்ற தடித்த தூண்டில் கழி, தேங்காய் அளவு ரீல், கழியின் அடியைச் செருகிக்கொள்ள இடுப்பில் அகலமான பட்டை. "சின்ன மீனுக்குக் காத்திருக்கணும்லா. இதுகூட சண்டை போடலாம். எனக்கு சண்டைதான் சரி" என்பார்.

திருக்கை மாட்டியதும் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் பெயராது. அப்போது விறைத்து நிற்கும் தங்கூசி நூலை விரலால் சுண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அதிர்வு பொறுக்காமல் அது எழும்பும். வீட்டிலும் கடையிலும் எல்லோரும் திட்டிய அந்த விரல்களுக்கு அங்கேதான் மரியாதை. மீன் ஆளையே இழுத்துப் போட்டுவிடாமல் இருக்க, இன்னொருவர் பின்னால் நின்று இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது என் வேலை.

ஆனால் கழியை மட்டும் தொடக்கூடாது. அது எங்கள் மீன்பிடிக் கூட்டத்தின் கட்டுப்பாடு. குணாவுக்கோ சாமி சத்தியம். "இன்னொருத்தன் கை பட்டுச்சுன்னா அது என் மீனில்ல, அவ்ளோதான்." ஒருமுறை பந்திங் பக்கத்துக் கடலில் அவருடைய மைத்துனன் முரளி, உதவுவதாக நினைத்துக் கழியைத் தாங்கிப் பிடித்துவிட்டான். மீன் வந்தது. படம் எடுக்கக் கூப்பிட்டால், இவர் படகின் மறுமுனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். "யாருக்கு வேணும்? நீயே போய் நில்லு." கரைக்கு வரும்வரை முரளியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்கள் கடைசியாகப் போனது ஒரு ஞாயிறு காலை. மாட்டியது சாதாரணத் திருக்கை இல்லை, படகையே திருப்பியது. குணா வெகுநேரம் சுண்டினார், இழுத்தார். திடீரென்று கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"செல்வா, புடி."

"என்ன பாஸ், விளையாடுறீங்களா?"

"புடின்னா புடிலா."

கழியை என் கையில் கொடுத்து, பட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டினார். பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். நான் இழுத்த நேரமெல்லாம் அவர் விரல்கள் என் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. மீன் படகோரம் வந்ததும் படகோட்டி என் போனில் ஒரு படம் எடுத்தார். பிறகு தங்கூசியை அறுத்து விட்டுவிட்டோம். படத்தில் நான் இருக்கிறேன், தண்ணீரில் மீன் இருக்கிறது, என் இடுப்பருகே குணாவின் கை மட்டும் தெரிகிறது.

சாவு வீட்டில் முரளி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்: "கடைசியா மச்சான் ஒத்தையாளா இழுத்தாரு பாருங்க, அப்படி ஒரு திருக்கை." கவிதா என்னிடம் வந்தாள். "அந்தப் படம் உங்க போன்லதானே இருக்கு, அங்கிள்? பெருசு பண்ணி மாலை போடணும்." எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் செத்த மனிதரின் கையிலிருந்து மீனைப் பிடுங்கியதாகும். சொல்லாமல் என்னை வெட்டிவிட்டுப் படத்தைக் கொடுத்தால், இன்னொருவன் பிடித்த மீனோடு அவரை அவர் வீட்டுச் சுவரிலேயே மாட்டியதாகும். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். கடைசியில் அவர் மனைவி சரோஜா அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, அந்தத் திருக்கை..."

"உன்னோடது. தெரியும் தம்பி. வீட்டுக்கு வந்ததுமே சொல்லிட்டாரு. 'செல்வா இழுத்தான், நான் பின்னால புடிச்சிருந்தேன்'னாரு."

போனில் அந்தப் படத்தை எடுத்து நீட்டினேன். அக்கா வாங்கிப் பார்த்தார்.

"அந்தக் கழிய யாருகிட்டயும் குடுக்க மாட்டாரே. குடுத்தாருன்னா நெஞ்சுல என்னமோ இருக்குன்னு புரிஞ்சிபோச்சு. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். அதனாலதான் இந்த மூணு மாசமாச்சும் கெடச்சுது." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் படத்தையே போடு. கை தெரியுதுல்ல, போதும்."

அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள். அதில் இருக்கும் ஒரே முகம் என்னுடையது. பார்க்கிறவர்கள் செத்தது நான்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும். குணா விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

கருமக்கிரியை முடிந்ததும் பட்டையை அக்கா எனக்கே கொடுத்துவிட்டார். போன ஞாயிறு அதைக் கட்டிக்கொண்டு படகில் நின்றேன். முரளி பின்னால் பிடித்திருந்தான். பாவம், நன்றாகத்தான் பிடித்திருந்தான். அவன் விரல்கூட அசையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.