நாரை வீட்டுப் பெண் ஓட்டும் விமானம்

திருவொற்றியூர்க் குப்பத்தில் ரகுபதி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். நாரை வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். எல்லாம் அவர் மனைவி மங்கை செய்த வேலை. நான்கு வருடங்களுக்கு முன்பு அவர்கள் மகள் ஜோதிகா விமானப் பணிப்பெண்ணாகி, செந்நாரை ஏர்வேஸின் சிவப்புச் சீருடையில் முதன்முதலாக வீட்டுக்கு வந்தாள். வந்தவளை உட்காரக்கூட விடாமல் மங்கை தண்டையார்பேட்டை ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சட்டையில் நாரைச் சின்னம் தெரிய எடுத்த அந்தப் படம் பெரிதாகி வாசலுக்கு மேலே ஏறியது. மங்கையிடம் மீன் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் படத்தைப் பார்த்தாக வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஜோதிகாவுக்கு வேலை கொடுத்தது செந்நாரை இல்லை. சின்ன ஊர்களுக்குப் போகும் விமானங்களைச் செந்நாரை தானே ஓட்டுவதில்லை. அஸ்தகிரி என்ற சிறு கம்பெனியிடம் விட்டிருந்தது. விமானி, பணிப்பெண்கள், இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் அஸ்தகிரி ஆட்கள். டிக்கெட், வண்ணம், சீருடை, வாலில் நாரை, இவை மட்டும் செந்நாரையுடையவை.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளினாள். பொங்கல் கழியட்டும் என்று பார்த்தாள். இப்படியே நாலு பொங்கல் கழிந்தது. அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லைதான். இருந்தாலும் அம்மா நாரைப் பெருமையை ஆரம்பித்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்த நேரத்தில் காக்கிநாடாவில் வாழ்க்கைப்பட்டிருந்த மங்கையின் தங்கைக்குப் பேரன் பிறந்து, பேர் வைக்க நாள் குறித்தார்கள்.

"ரயில்ல போனா சொகுசா படுத்துகினே போலாம்மா," என்று ஜோதிகா சொல்லிப் பார்த்தாள்.

"எம்பொண்ணு பிளேன்ல கீறப்போ நான் எதுக்கு ரயில்ல போறேன்? ராஜமுந்திரி வரிக்கும் உன் பிளேன்ல போயி, அங்கேர்ந்து பஸ் புடிச்சிக்கிறோம். நீ இருக்கிற பிளேன்லதான் ஏறுவேன்."

கிளம்பும் முன் விமானத்தை இயக்குவது யார் என்று பயணிகளிடம் சொல்லியாக வேண்டும், அது கம்பெனி விதி. தமிழில் அறிவிப்பது ஜோதிகாவின் வேலை. அம்மா காதில் அது விழும். இத்தனை வருடம் மகள் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று அம்மா நினைத்துவிட்டால் என்ன செய்வது?

அந்த நாளும் வந்தது. காலைப் பத்து மணிக்கு, பின்பக்க வாசலில் ஜோதிகா நின்றிருந்தாள். மங்கை பட்டுப்புடவையில் முதல் ஆளாகப் படியேறி வந்தாள். பின்னால் வந்த ரகுபதி கடைசிப் படியில் நின்றுவிட்டார். குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். படியில் வரிசை தேங்கியது.

"ஐயா, செருப்போடயே வரலாம்," என்றார் மூத்த பணியாளர் அலெக்ஸாண்டர்.

"பரவால்ல சார். செருப்புக் காலோட ஏறிப் பழக்கமில்ல."

மீன் பிடிக்கக் கடலுக்குப் போகும் லாஞ்சில், அந்த விசைப்படகில், அவர் ஒரு நாளும் செருப்போடு ஏறியதில்லை. குப்பத்தில் யாருமே ஏறுவதில்லை. ஜோதிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பை வாங்கி, ஒரு பையில் போட்டு, அவர் சீட்டுக்கு அடியில் வைத்தாள். அந்த மனிதர்மேல் அவளுக்கு அப்போது கொள்ளைப் பிரியம் பொங்கியது.

கதவு சாத்தியதும் மைக்கை எடுத்தாள். ஒரே ஒரு வரிதான். கடகடவென்று சொல்லி அமுக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கடைசி வரிசையில், வெறுங்காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு, கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அந்த வரியை விழுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

"செந்நாரை ஏர்வேஸ் உங்களை வரவேற்கிறது," என்று ஆரம்பித்து, நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள். "இந்த விமானத்தை இயக்குவது அஸ்தகிரி ஏவியேஷன்."

மங்கை நிமிர்ந்து பார்த்தாள். விமானம் மேலே போய், தண்ணீர் கொடுக்க மகள் வரும்வரை காத்திருந்தாள்.

"யாரு அது, அஸ்தகிரி?"

"எங்க கம்பெனிம்மா. நான் வேலை செய்றது அங்கதான். பேரு மட்டும் நாரையோடது. எத்தினியோ வாட்டி சொல்லணும்னு நெனச்சேன்."

மங்கையின் முகம் சுருங்கியது. "நாலு வருசமா தெருவுல இன்னா சொல்லிகினு கீறேன் நானு?"

ஜோதிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் தட்டோடு அப்படியே நின்றாள்.

ரகுபதி தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "நான் முப்பது வருசமா யாரு லாஞ்ச ஓட்னேன்?"

"அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"தெருவுல நீ இன்னான்னு சொன்ன? எங்க லாஞ்சு கரைக்கு வந்துச்சுன்னுதான சொன்ன?"

காசிமேட்டில் ரகுபதி டிரைவராக இருந்த லாஞ்சுகள் ஐந்து. ஐந்திலும் முதலாளி வீட்டுப் பெண்களின் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. ரகுபதி என்ற பெயர் எந்தப் பலகையிலும் ஏறியதில்லை. ஆனால் மீன் ஏலக்கூடத்தில் வியாபாரிகள் முதலில் கேட்பது, இன்றைக்கு டிரைவர் யார் என்பதைத்தான். ரகுபதி என்றால் சரக்கை நம்பிக் கூடையைக் கிட்டே கொண்டுவருவார்கள்.

விமானம் ராஜமுந்திரியில் அலுங்காமல் இறங்கியது. எல்லாரும் போன பிறகு ரகுபதி செருப்புப் பையோடு வாசலுக்கு வந்தார், மங்கை பின்னாலேயே வந்தாள்.

"ஜோதி, உங்க கம்பெனிப் பேரு இதுல எங்கனா எழுதிக் கீதா?"

வாலில் ஆள் உயர நாரை பளபளத்தது. ஜோதிகா அதைக் காட்டவில்லை. வாசலை ஒட்டி, படியில் நின்றால் கைக்கெட்டும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வரி இருந்தது. நாலு வருடமாக அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு கடந்துபோன வரி.

"இதான் நைனா."

கடலுக்குப் போகும் முன் லாஞ்சின் முகப்பைத் தொடுவதுபோல ரகுபதி அந்த எழுத்துகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு படியிறங்கி, தரையில் கால் வைத்த பிறகுதான் செருப்பைப் போட்டார்.

மங்கை இன்னும் படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு, அது இன்னா பேரு?"

"அஸ்தகிரிம்மா."

மங்கை அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "பேரு அவங்களுது, ஓட்றது எம்பொண்ணு கம்பெனி. இப்டிச் சொன்னா தெருவுல புரிஞ்சிக்குவாங்க இல்ல?"